இல்லை என்று வந்தால்

1.

இந்தக் கதை ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டதில் கிடைத்தது.

அந்தமானில் மாயாபந்தர் போகும் பேருந்து, பாராடாங் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டார்கள். உப்பங்கழி தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அலையாத்தி மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் இறங்குகின்றனவா, தண்ணீரிலிருந்து ஏறுகின்றனவா என்று சொல்ல முடியாத மத்தியானம். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"இடம் இல்லைன்னு சொல்ற வேலை, அக்கா."

ஏதோ விடுதியில் அறை பதிவு செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டு, சீசனில் ரொம்பச் சிரமமாக இருக்குமே என்றேன். அவள் சிரித்தாள். டூரிஸ்டுகளுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு என்றாள். அக்கரை போய்ச் சேர்வதற்குள் மீதியையும் சொன்னாள். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க. அழல."

பெயர் பானு. வண்டூரில் இருக்கிறாள். கணவன் குணா, டிங்கி என்கிற சின்னப் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம் மீன்பிடிப் படகுகளுக்காகச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று செய்கிறது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி போகும். பானு வண்டூர் வீட்டிலிருந்தபடியே அந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள்.

2.

முதல் தொடக்கம்: 'கடல் ஒரு மாபெரும் நினைவு. அதற்குள்—'

[விட்டுவிட்டேன். கணினியின் நினைவகம் என்ற சொல்லைக் கேட்டதும் என்னைப் போன்றவர்கள் ஓடிப்போய் விழுகிற குழி இது. பானு சொல்லும் நினைவகம் வெறும் இடம். பாத்திரம் வைக்க அலமாரியில் இருக்குமே, அந்த மாதிரி இடம்.]

இரண்டாவது தொடக்கம்: 'பின்னாளில் சுனாமி வாரிக்கொண்டுபோன கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கை மலையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த பானுவுக்குக் கடல் என்றாலே—'

[இதைத் தொலைபேசியில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் கடல் வேறக்கா. அத இதுல போடாதீங்க," என்றாள். எடுத்துவிட்டேன். எடுத்த இடம் மட்டும் தெரிந்துவிட்டுப் போகட்டும்.]

மூன்றாவது தொடக்கம்: 'அன்று காலை குணா தவறான பெட்டியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான்.'

இது நிற்கும். ஆனால் எது தவறான பெட்டி, எது சரியான பெட்டி என்று சொல்லாமல் இதற்கு மேல் ஒரு வரிகூட நகராது.

3.

எந்தக் கணினிக்குள்ளும் கெர்னல் என்று ஒன்று உண்டு. (போர்ட் பிளேரில் இதைச் சொன்னால் ராணுவ அதிகாரி என்றுதான் நினைப்பார்கள். என் பக்கத்து வீட்டிலேயே ஒரு கர்னல் இருக்கிறார். இரண்டு பேரையும் கேட்காமல் எதுவும் நடக்காது.) மற்ற நிரல்கள் எல்லாம் வேலை செய்ய இடம் வேண்டும் என்று கெர்னலிடம்தான் வந்து நிற்கும். அது எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். கெர்னலின் சொந்த உறுப்புகளும் அப்படிக் கேட்டு வாங்கித்தான் பிழைக்கின்றன. பெரும்பாலும் கேட்டது கிடைத்துவிடும். அதனால் நிரல் எழுதுகிறவர்கள், கிடைத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இல்லை என்று வந்தால்?

பானுவுக்கு அந்தக் கேள்விதான் வேலை. மூன்று வழி இருக்கிறது என்றாள். இடம் காலியாகும்வரை காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பவன் கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்து, அதற்காக இன்னொருவன் காத்திருந்தால், இரண்டு பேரும் காலமெல்லாம் நின்றுகொண்டே இருப்பார்கள். அல்லது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் பெருத்த ஒன்றைக் கொன்று அதன் இடத்தைப் பிடுங்கலாம். அல்லது, கேட்டவனிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால், அவன் அதுவரை வாங்கியதையெல்லாம் கடைசியில் வாங்கியதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னை ஏவியவனிடம் போய் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அவன் தனக்கு மேலே இருப்பவனிடம். அந்த 'இல்லை' இப்படிப் படிப்படியாக ஏறி வந்து, கடைசியில் ஒரு மனிதனின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் பெட்டியில் சிவப்பு விளக்கு. பச்சை நின்று எரிந்தால் செய்தி போய்விட்டது. பச்சை சிமிட்டினால் அனுப்பிக்கொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் முடியவில்லை, மறுபடி அழுத்து.

இன்னொன்றும் செய்து வைத்திருந்தாள். பெட்டி கண்விழிக்கும்போது, இடம் தாராளமாக இருக்கும்போதே, கொஞ்சத்தை எடுத்துத் தனியே வைத்துவிடுவது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பதுபோல. அந்தப் பிடிக்குள் படகின் எண்ணும் 'உதவி' என்ற சொல்லும் கொள்ளும். எங்கே இருக்கிறோம் என்பது கொள்ளாது.

எழுதினால் போதாது, சோதிக்க வேண்டும். நிஜப் பஞ்சம் எப்போதாவதுதான் வரும் என்பதால் பெட்டிக்குள் ஒரு பொய்ப் பஞ்சத்தை உண்டாக்குவார்கள். இடம் இருந்தாலும் அவ்வப்போது இல்லை என்று கையை விரிக்கச் சொல்வது. பானுவின் மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று நல்லது, குணாவின் படகுக்கு. மற்றதில் பொய்ப் பஞ்சம். அடையாளத்துக்கு அதன்மேல் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தாள். வண்டூர் ஈரத்தில் எதுவும் ஒட்டி நிற்காது.

[சிரமமான பகுதி முடிந்தது. இனிமேல் கடல்.]

4.

அன்று காலை குணா தவறான பெட்டியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான்.

நவம்பர் மாதம். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. கூட வருகிறவனுக்குக் காய்ச்சல். தனியாகப் போக வேண்டாம் என்று பானு சொன்னாள்.

"மௌசம் சாஃபா இருக்கு, வானத்துல ஒண்ணுமில்ல. சூரை மீனுக்குத் தூண்டிலப் போட்டுட்டு மத்தியானத்துக்கெல்லாம் வந்துருவேன்," என்றான். நாடா உதிர்ந்து மேசையோரம் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் திரையிலிருந்து தலை நிமிரவில்லை.

நிரலில் அவளுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. செய்தியை வானத்துக்கு அனுப்புகிற பகுதி. அங்கே 'இல்லை' என்று வந்தால் என்ன செய்வது என்பதை அவள் இன்னும் எழுதவில்லை. வந்தால், பெட்டி பிடித்ததை விடாமல் அப்படியே உறைந்துபோகும். சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்தாள்.

வண்டூரில் மழை வருவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். முதலில் தூரத்துத் தீவு போகும். பிறகு அதற்கு முன்னால் இருப்பது. யாரோ ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வருகிற மாதிரி ஒவ்வொன்றாக அழிந்து, கடைசியில் வாசல் தென்னை மட்டும் மிஞ்சும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. குணா வரவில்லை. ஏதாவது ஒரு தீவின் மறைவில் ஒதுங்கியிருப்பான் என்று நினைத்தாள். மழை கூரையில் ஒரே சுருதியில் விழுந்துகொண்டிருக்க, அவள் கண்கள் செருகின.

திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சோதனைப் பெட்டியின் எண். உதவி. இடம் என்கிற கட்டம் காலி.

சோதனைப் பெட்டி தானாக உளறுகிறது என்று எரிச்சல்பட்டாள். "பேசாம கெட," என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்ததை அணைக்கக் கையை நீட்டினாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. எடுத்துத் திருப்பினாள். அடியில் இருந்தது குணாவின் பெட்டி எண்.

இந்த இடத்தில் நான் 'அவள் நெஞ்சு ஒரு கணம்—' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பானு அடித்துவிட்டாள். முதலில் தனக்குப் பயம் வரவில்லை என்றாள். பிடி அரிசி வேலை செய்கிறது என்றுதான் முதலில் தோன்றியதாம். அந்த ஒரு நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறாள். பயம் அதற்குப் பிறகு வந்தது, வந்தது போகவில்லை.

5.

கடலோரக் காவலுக்குச் சொன்னாள். படகுத்துறையில் இருந்த நல்லதம்பிக்குப் போனில் சொன்னாள். நல்லதம்பியின் டிங்கியும் குணாவினுடையதும் பக்கத்தில் பக்கத்தில்தான் கட்டிக் கிடக்கும்.

"எங்க இருக்கான்?" என்று கேட்டார் நல்லதம்பி.

"தெரியலண்ணே."

"உன் பெட்டிதானம்மா அதச் சொல்லணும்?"

"இன்னொரு தரம் அழுத்தினா சொல்லலாம்."

"சொல்லலாமா, சொல்லுமா?"

அவர் அதற்குள் எஞ்சினை முடுக்குவது கேட்டது. "நீ பெட்டியப் பாரு. நாங்க கெளம்புறோம்," என்றார்.

பார்க்க மட்டும்தான் முடியும். பொய்ப் பஞ்சத்தை நிறுத்து என்று கரையிலிருந்து சொல்ல வழி எதுவும் வைத்திருக்கவில்லை. குணா ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் செய்தி போகலாம், சிவப்பு எரியலாம், அல்லது அவள் எழுதாமல் விட்ட அந்த இடத்தில் போய் மாட்டிக்கொண்டு, அத்தோடு பெட்டி பேச்சை நிறுத்திவிடலாம்.

அந்த நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை என்றாள். மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் பெட்டிக்குள் போய்விட்டாளாம். அங்கே நீளமான ஒரு தெரு. இரண்டு பக்கமும் வாசல்கள். தெருவெல்லாம் கணுக்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு வாசலும் அவள் எழுதியது, அதனால் ஒவ்வொரு வாசலும் பழக்கம். கையில் எதையோ ஏந்திக்கொண்டு ஒரு வாசலில் நின்று இடம் கேட்கிறாள். கொடுக்கிறார்கள். அடுத்த வாசல். கொடுக்கிறார்கள். அதற்கடுத்ததில் இல்லை என்கிறார்கள். சொல்கிற குரல் அவளுடையதுதான். திரும்பி நடக்கிறாள், வாங்கியதையெல்லாம் கொடுத்துக்கொண்டே. மறுபடி முதலிலிருந்து. தெருக்கோடியில் கதவே வைக்காத ஒரு வீடு இருக்கிறது. அதன் பக்கம் மட்டும் கால் போகக் கூடாது.

[இந்தத் தெருவை நான் சேர்த்தேன் என்று நினைக்க வேண்டாம். கணுக்கால் தண்ணீர்வரை அவள் சொன்னதுதான்.]

அடுத்த செய்தி வந்தது. எண், உதவி, இடம். மூன்றும் இருந்தன. தார்முக்லித் தீவுக்கு மேற்கே, திறந்த கடலில். எண்களைக் கடலோரக் காவலுக்குக் கொடுத்துவிட்டு, நல்லதம்பிக்கு ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் திருப்பிச் சொன்னார். சரியாக இருந்தது. அதன் பிறகு அவர் போனில் சிக்னல் போய்விட்டது. பெட்டியிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

6.

குணா இந்தக் கதையில் சரியாக உட்காரவே இல்லை. அவனை வீரனாக எழுதினேன், பொருந்தவில்லை. பேதையாக எழுதினேன், அதுவும் இல்லை. வண்டூருக்கே போய்க் கேட்டுவிட்டேன். படகின் அடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது. வாடை படகை மேற்கே தள்ளியது. அழுத்தினான். சிவப்பு. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஐஸ் பெட்டியையும் பழைய வலைச் சுருளையும் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து கடலுக்குள் போட்டான். அது படகை இழுத்துப் பிடிக்கும். காற்று தள்ளுவது பாதியாகக் குறையும். உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்தான். மறுபடி அழுத்தினான். பச்சை. அதுதான் இடம் இல்லாமல் போன செய்தி; அது அவனுக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் அழுத்தினான். அதுவும் பச்சை.

பிறகு கடைசியாக ஒரு தரம். இந்த முறை பச்சை சிமிட்ட ஆரம்பித்தது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அனுப்பிட்டே இருக்குன்னு நெனச்சேன். சரி, அது வேலைய அது பாக்குதுன்னு தார்ப்பாய இழுத்துப் போத்திப் படுத்துட்டேன்," என்றான்.

பெட்டி அந்தக் கதவில்லாத வீட்டுக்குள் போயிருந்தது. அது எதையும் அனுப்பவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே மழையின் சத்தம் கேட்கக் கேட்க அவனுக்குச் சுகமாக இருந்ததாம். முன்கயிறு உரசி உரசி அறுந்ததும், படகு மறுபடி காற்றோடு போனதும் தெரியவில்லை.

நல்லதம்பியும் மற்றவர்களும் பானு சொன்ன இடத்துக்குப் போனார்கள். வெறும் தண்ணீர். காற்றுப் போகிற திசையிலேயே போனார்கள். சூரியன் இறங்கப் போகிற நேரத்தில் தூரத்தில் ஒரு டிங்கி, ஆள் இல்லாமல். "அரே, காலி ஹை," என்று கூட வந்த வங்காளிக்காரர் சொல்ல, மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்லதம்பி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். இவ்வளவு காற்றில் தார்ப்பாய் படபடக்க வேண்டும். அது மடங்காமல் ஒழுங்காக இருந்தது. அடியில் இருந்து யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி இருக்கும்.

கிட்டே போய்த் துடுப்பால் தட்டினார்கள். குணா தலையை வெளியே நீட்டி, "வந்துட்டீங்களா?" என்றான்.

7.

குணா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். என் வீட்டுக்காரி செஞ்ச பெட்டி, அழுத்தினா போதும் என்று. படகுக்காரர்கள் வீட்டுக்கு வந்து எங்களுக்கும் ஒன்று கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். தனியாகப் போகிறவர்களும் வந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பானுவால் பார்க்க முடியவில்லை. ஒரு மத்தியானம் சோறு போடும்போது சொல்லிவிட்டாள்.

"நீங்க கொண்டு போனது நான் கெடுத்து வெச்சிருந்த பெட்டி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சோதிக்கறதுக்கு. இடம் இருந்தாலும் இல்லைன்னு சொல்ல வெச்சிருந்தேன். மாத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்க. நானும் பாக்கல."

"அப்ப மொதல்ல எரிஞ்ச சிவப்பு?"

"நான் எரிய வெச்சது."

இந்த இடத்துக்கு நான் எழுதி வைத்திருந்தவை: அ) அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். ஆ) அவன் சிரிக்கிறான். இ) அவன் அவள் கையை— [மூன்றையும் கிழித்தாயிற்று.]

நடந்தது இது. குணா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "கடைசியில பச்சை சிமிட்டிக்கிட்டே இருந்துச்சே, அது?"

"அது நான் எழுதாம விட்ட எடம்."

அவன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, "மிச்சத்தையும் எழுதிரு," என்றான். இரண்டு நாள் எதைப் பற்றியும் பேசவில்லை. மூன்றாம் நாள் மீன் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, இதைக் குழம்பு வை என்றான்.

அவள் எழுதினாள். இப்போது அந்த இடத்திலும் கதவு இருக்கிறது. இல்லை என்று வந்தால் அங்கிருந்தும் சிவப்பு ஏறி வரும்.

8.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் பெங்களூரிலிருந்து ஆவுடையப்பன் கூப்பிட்டார். பானுவின் மேலதிகாரி, திருநெல்வேலிக்காரர். அவரை முதலில் நான் வில்லனாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. "அவர் நல்ல மனுசன்க்கா," என்று பானு அந்தப் பக்கத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர் வீடியோவில் சொன்னது இவ்வளவுதான். "பானும்மா, கடல்ல தனியாக் கெடக்கவனுக்குச் செவப்பக் காட்டலாமா? இல்லைங்கத உள்ளயே வெச்சுக்கிட்டு, கெடைக்கற வரைக்கும் பெட்டி கேட்டுட்டே இருக்கட்டும். வெளிய பச்சை சிமிட்டட்டும். கையில வேற எதையும் பிடிச்சிட்டு நிக்காம, உறையாம, அத எழுத முடியும்லா?"

"முடியும் சார்."

"பொறவு என்ன? நம்பிக்கை இருந்தா மனுசன் கூடக் கொஞ்ச நேரம் தாங்குவான்."

"நம்பித்தான் சார் அவரு படுத்துட்டாரு."

"நிம்மதியாப் படுத்தாரும்மா."

அவருடைய தம்பி கடலில் போனவர். திரும்பவில்லை. ஆவுடையப்பன் அதைச் சொல்லிக் காட்டுகிறவர் இல்லை. இந்த வேலைக்கு அவர் வந்ததே அதனால்தான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்பி கடைசியில் பயந்திருப்பானோ என்ற ஒன்றுதான் அவரை விடவில்லை என்று பானுவுக்குத் தோன்றும். அதனால் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

குணாவைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். செவப்பப் பாத்தப்ப எப்படி இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க என்றார் ஆவுடையப்பன்.

குணா யோசித்தான்.

"செத்தேன்னுதான் நெனச்சேன் சார்," என்றான். "பொறவு எந்திச்சேன்."

ஆவுடையப்பன் தலையை அசைத்தார். பானுவும் அசைத்தாள். ஒரே பதிலில் இரண்டு பேருக்கும் அவரவர் கட்சிக்கான சாட்சி கிடைத்துவிட்டது.

9.

எந்த விளக்கு என்று பெங்களூரில் திங்கட்கிழமை முடிவெடுக்கிறார்கள். இது சனிக்கிழமை.

கதைக்கு என்னிடம் முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் பானு ஜெயிக்கிறாள். ஒன்றில் ஆவுடையப்பன் ஜெயிக்கிறார், ஒரு படகு தொலைகிறது. அதை எழுதிய கையோடு அழித்துவிட்டேன், ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக ஒருவனைக் கடலில் கொல்வது அசிங்கம். இன்னொன்றில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் விளக்கு வைத்தேன். பானு உதட்டைப் பிதுக்கினாள். "கலர் எதுவா இருந்தா என்னக்கா? கெடைக்கலங்கறத அந்த ஆள்கிட்ட சொல்றமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி," என்றாள்.

குணா இப்போது நல்ல பெட்டியோடு போகிறான். ஆனால் நல்ல பெட்டிக்கும் என்றைக்காவது ஒருநாள் நிஜப் பஞ்சம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் இப்போது தெரியும். எந்த விளக்கு வேண்டும் என்று அவன் அவளிடம் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, உங்களுக்கு எது வேணும் என்று திருப்பிக் கேட்டான். கரையில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல், உங்களைப் படகில் ஏற்றிவிடுகிறேன். எஞ்சின் நின்றுவிட்டது. தீவுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. காற்று எங்கோ தள்ளிக்கொண்டு போகிறது. குளிரவில்லை, ஏதோ பாதித் தூக்கம் மாதிரிதான் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டீர்கள். உள்ளே உங்கள் செய்தி வாசல் வாசலாக ஏறி இறங்குகிறது. ஒரு வாசலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதை உங்களுக்குச் சொல்லட்டுமா?